வெட்டிய மிச்சம் எங்கே?

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டாரவளையில் தேயிலைத் தூள் பொதி செய்து இணையம் வழியாக விற்கிறேன். நானும் மனைவியும், உதவிக்கு இரண்டு பெண்களும். தொழிலோடு சேர்த்து ஒரு பொட்காஸ்ட்டும் நடத்துகிறேன், மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களோடு பேசி வாரம் ஒன்று போடுவது. இரண்டு மணி நேரப் பேச்சை அரை மணிக்கு வெட்டுவேன். போனில் இடம் போதாததால் ஏற்றியதும் மூலத்தை அழித்துவிடுவேன். போன மாதம் காமன் கூத்து வாத்தியார் ஒருவர் நிறையப் பாடினார், கேட்பவர்களுக்கு அலுக்கும் என்று பாட்டையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒன்றை நூறு பேர்கூடக் கேட்பதில்லை. இதனால் ஓடர் வந்த மாதிரியும் தெரியவில்லை. இந்த நேரத்தைக் கடைக்குக் கொடுங்கள் என்கிறாள் மனைவி. நல்ல மைக் வாங்கினால் மாறுமா? வீடியோவாக்கலாமா? இல்லை, நிறுத்திவிடவா?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மைக் வேண்டாம். இருக்கிற போனைப் பேசுகிறவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வை, தகரக் கூரையில் மழை இறங்கும்போது பதியாதே. ஊவாப் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் பின்னேரத்தை நம்ப முடியாது, காலையிலேயே முடித்துக்கொள். வீடியோவும் வேண்டாம். மோனோவாக 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் அரை மணிப் பேச்சு 15 எம்பிக்குள் அடங்கும், வட்ஸ்அப்பில் கைமாறும். சின்ன ரீலோட் போட்டு இணையம் பார்க்கிற, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம்தான் உன் முதல் நேயர்கள், அவர்கள் டேட்டாவைத் தின்னாதே.

நூறு பேர் கணக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உன் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ஹட்டனில் அச்சகம் வைத்துக்கொண்டுதான் இதே வேலையைச் செய்கிறேன், பள்ளிக்கூடங்களின் சோதனைத்தாள் வருகிற மாதங்களில் பதிவுப் பக்கமே போகமாட்டேன். வாரம் ஒன்று என்று உன்னை யார் கட்டிவைத்தது? அப்புறம், இந்தச் செலவைக் கடையின் விளம்பரக் கணக்கில் எழுதாதே. எழுதினால் மாத முடிவில் இது எத்தனை பெட்டி விற்றுக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றும், அப்படிக் கேட்க ஆரம்பித்தவன் அடுத்த மாதம் பெரியவர்களை உட்கார வைத்துத் தன் தூளைப் புகழச் சொல்வான். நீ அனுப்பிய மூன்றையும் கேட்டேன். கடைசிப் பதிவில் ஒரு பாட்டி தன் வாழ்நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ நடுவில் புகுந்து உன் பொதியின் பெயரைச் சொல்கிறாய். அசிங்கமாக இருக்கிறது. அதை எடு.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். கொஞ்ச நாளாகவே மனதில் உழன்றுகொண்டிருந்த ஒன்றை உன் கடிதம் தொட்டுவிட்டது. மூலத்தை அழித்துவிடுகிறேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய்!

என் அப்பாயி தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவள். தோட்டத்துச் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவள் தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போனது, கோச்சி ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். ஸ்டேசனில் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு அப்பாயி பாடினாளாம். பிறகும் பாடுவாள், யாரும் கேட்டு அல்ல, இரவில் அடுப்படியில் தானாக. சவூதியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரின் ரெக்கோடரை இரவல் வாங்கி அப்பா அதைக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பதிந்துவைத்தார். அப்பாயி இறந்த பிறகு தேடி எடுத்துப் போட்டால் சினிமாப் பாட்டு. கல்யாண வீடொன்றுக்கு அந்தக் கேசட்டைக் கொண்டுபோன யாரோ மேலே பதிந்துவிட்டார்கள். கேசட்டின் விளிம்பில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், அதை ஒடித்துவிட்டால் மேலே பதிய முடியாது. ஒரு நொடி வேலை. எங்கள் லயத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பாட்டில் இரண்டு வரி எனக்கு நினைவிருக்கிறது, மெட்டு வரவில்லை.

அங்கே தெரியாமல் நடந்தது. நீ தெரிந்தே செய்கிறாய் தம்பி, அதுவும் வாரா வாரம்.

நம் சனத்துக்கு எதையும் பத்திரப்படுத்தத் தெரியாது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1948இல் வந்த சட்டம் நம் இலங்கைக் குடியுரிமையைப் பறித்ததிலிருந்து லயத்துக்கு லயம் டிரங்குப் பெட்டி வைத்திருந்தோம். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, தோட்டத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு, எது எப்போது தேவைப்படும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் மடித்து மடித்து வைத்தார்கள். அரசாங்கக் கந்தோர் கேட்டதால் காகிதத்தை வைத்தோம். பாட்டை எந்தக் கந்தோரும் கேட்கவில்லை, அதனால் அது போய்விட்டது. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒருத்தி எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தாள் என்று இருக்கும், அவள் என்ன பாடினாள் என்று இருக்காது.

தோட்டத் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் மேடையில் பாடினார், அந்தப் பாட்டுகள் சின்னப் புத்தகமாக அச்சிலும் வந்தன. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி எழுத்தில் வைத்தார். அவர்கள் செய்யாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை இழுப்பது, தப்பு மேளத்தின் அடி எங்கே மாறுவது, இது எதுவும் அச்சில் வராது. அதை வைத்திருக்கிற கருவி உன் சட்டைப் பையில் கிடக்கிறது. மாசியில் ராத்திரி முழுக்க ஆடுகிற கூத்தின் பாட்டை வாத்தியார் உன் முன்னால் உட்கார்ந்து பாடியிருக்கிறார், நீ அலுக்கும் என்று எடுத்துவிட்டாய், எடுத்ததையும் அழித்துவிட்டாய். யாருக்கு அலுக்கும்? அந்தப் பாட்டு தெரிந்தவர் அந்தத் தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர் என்றாவது கேட்டாயா?

அரை மணிக்கு வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை. வெட்டு, நன்றாகவே வெட்டுகிறாய். ஏற்றுவது வேறு, வைத்திருப்பது வேறு. தோட்டத்தை நடத்துகிற துரையைப் பற்றியோ யூனியனைப் பற்றியோ ஒருவர் வாய்விட்டுப் பேசியிருப்பார், அது வெளியே வந்தால் அவர் மகனுக்கு வேலையில் தொல்லை வரும். அதை ஏற்றாதே, ஆனால் வை. எப்போது வெளியிடலாம் என்பதை அவரும் அவர் வீட்டாரும் சொல்லட்டும்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதே. ஒரு மணி நேரப் பேச்சைச் சுருக்காமல் வைக்கிற மோனோ வேவ் கோப்பு ஏறக்குறைய 320 எம்பி. 64 ஜிபி கார்ட் ஒன்றில் 200 மணி நேரம் கொள்ளும். கோப்பின் பெயரிலேயே தேதி, தோட்டம், டிவிசன், பேசியவர் பெயர் எல்லாம் இருக்கட்டும், பாடியிருந்தால் யாரிடம் கற்றார் என்பதைத் தனியாக எழுதிவை. ஒரு பிரதி உன்னிடம், ஒன்று அவர் வீட்டாரிடம், ஒன்று வேறு மாவட்டத்தில். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அது உனக்குத் தூரமில்லை. ஆட்களே போன இடத்தில் பெட்டியையும் படத்தையும் யார் தேடுவது? மூன்றாவது பிரதியை எனக்கு அனுப்பு, அச்சகத்தில் இரும்பு அலமாரி இருக்கிறது.

நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தாய். மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள், பொதி அனுப்புகிற நாளில் தொடாதே, மனைவியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அதற்கு முன்னால் அந்த வாத்தியாரிடம் திரும்பப் போ. பாட்டு போய்விட்டது என்று உள்ளதைச் சொல், தப்படிக்கிறவரையும் கூட்டிக்கொள், இரண்டு பேருக்கும் அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் போதும் என்கிற வரைக்கும் பதி. கார்ட் வாங்கக் கை கடித்தால் முகவரியை அனுப்பு, இந்தக் கிழமைக்குள் ஒன்று தபாலில் போடுகிறேன்.

அக்கா