பின்னறையையும் பார்த்துவிட்டு வாருங்கள்

கேள்வி: பராமரிப்பில்லாத பழைய வீடுகளை வாங்கி, சீர்செய்து விற்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். தெருத்தெருவாகச் சுற்றி ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணன் தம்பி மூவர் விற்கிறார்கள். விலை நன்றாகவே குறைவு. சுவரில் சில விரிசல்கள், வயரிங் பழசு, சமையலறையை முழுதாக மாற்ற வேண்டும். எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டேன். வீடு காலிதான். பின்னறையில் அவர்களுடைய அத்தை இருக்கிறார், விற்றதும் அழைத்துப் போய்விடுவார்களாம். அவர் தூங்குவதாகச் சொன்னதால் அந்த அறையை மட்டும் பார்க்கவில்லை. இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

'காலி வீடு' என்று சொல்லி வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பலவற்றில் உள்ளே யாராவது இருப்பார்கள். மாடியில் கணவனை இழந்த அக்கா, கீழே படுத்த படுக்கையாக ஒரு சித்தப்பா. வாங்க வருகிறவர் கண்ணுக்கு மட்டும் அவர்கள் தெரியமாட்டார்கள்.

கணக்கு வழியாகவே வருகிறேன், அதுதான் உங்களுக்கு உறைக்கும். அத்தை என்றால் அந்த மூவருடைய அப்பாவுடன் பிறந்தவர். வீடு அப்பா சம்பாதித்ததா, தாத்தா விட்டுப்போனதா? தாத்தா வீடு என்றால் அந்த அம்மா அவருக்கு மகள். அவருடைய பங்கைக் கொடுத்துவிட்டார்களா? பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தாரா? 'உயிருள்ளவரை இங்கே குடியிருக்கலாம்' என்று உயிலில் எங்காவது இருக்கிறதா? மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் அந்த மூன்று பேருக்கு உள்ள உரிமைதான் உங்களுக்கு வரும். பதிவேட்டைப் பார்த்துவிட்டேன் என்பார் தரகர். பதிவானது மட்டும்தான் அதில் இருக்கும். நீங்கள் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு வழக்கு வந்தால், வாங்க வருகிறவர் வாசலோடு திரும்பிவிடுவார், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

லாபம் நிற்குமா என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. சீர்செய்த பின் என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் மராமத்துச் செலவைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் கொடுக்கலாகும் உச்ச விலை. 100-க்குப் போகும் வீட்டுக்கு மராமத்து 25 ஆகும் என்றால் 45-ஐத் தாண்டக் கூடாது. மீதி 30-இல்தான் பதிவு, வட்டி, வரி, தரகு, உங்கள் லாபம் எல்லாமே. முடியிழை போன்ற விரிசல் பூச்சோடு போய்விடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பொறியாளரைக் கூட்டிப் போங்கள். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருப்பிடித்த கம்பி உப்பிக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே பூசி மறைத்தால் மறுபடியும் விழும்.

சரி, இதெல்லாம் எந்தப் பொறியாளரும் சொல்லிவிடுவார். மழையில் எந்த மூலை ஒழுகும், எந்த சுவிட்சைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும், கரையான் எந்தக் கதவின் நிலைச்சட்டத்தில் ஏறியது, கழிவுநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டிலேயே இருக்கிற அத்தைக்குத்தான் தெரியும். எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்த உங்களுக்கு அந்த ஒரு கதவைத் தட்டத் தோன்றவில்லையே! கதவைச் சாத்தி வைத்துவிட்டு 'தூங்குகிறார்' என்றவர்களிடம், எழுந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டாமா?

'அழைத்துப் போய்விடுவார்கள்' என்கிறீர்கள். மூன்று பேரில் யார் வீட்டுக்கு? எந்த அறைக்கு? உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். வயதானவர் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு, அவர் எங்கே போவார் என்று முடிவாகாமல் விலை பேசுவதே தப்பு என்பது என் கட்சி. பழைய காலத்து மனுஷி என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவலையில்லை. அப்பாவுடன் பிறந்தவரைப் பார்த்துக்கொள்வது மருமகன்களின் கடமை, எனக்கென்ன என்று கேட்பீர்கள். அவர்கள் அதைத் தட்டிக்கழிக்கும் அவசரத்தில்தான் உங்களுக்கு விலை குறைந்திருக்கிறது என்றால்? குறைந்த விலையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பொறுப்பு மட்டும் அவர்களுடையது என்றால் எப்படி?

வீட்டில் பெண்கள் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, தரகர் இல்லாமல், பகலில் போங்கள். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீடு விற்கப்போவது அவருக்குத் தெரியுமா என்பதை முதலில் கேளுங்கள். அவரே விரும்பிப் போகிறார் என்றால் நல்லது. வீட்டின் மூல ஆவணமான தாய்ப் பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் வக்கீல் படிக்கட்டும். விற்பனைப் பத்திரத்தில் அத்தையும் சம்மதித்துக் கையெழுத்துப் போடட்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு. அவர் புது இடத்தில் குடிபுகுந்த பின்தான் மீதிப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அவரிடம் நீங்கள் பேசவே கூடாது என்று மூவரும் மறித்தால், அந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.