புரோஸ்டேட் புற்றுநோய்: ஹார்மோன் ஊசி வேலை செய்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு லியூப்ரோலைடு ஊசி போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. முதுகுவலி முன்பைவிட அதிகம். மருந்துக்கு நோய் கேட்கவில்லையா?

பதில்: அதற்குள் அப்படி முடிவு கட்டாதீர்கள். இந்தப் புற்றுநோயை வளர்ப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்; அதைக் குறைப்பதுதான் இந்த ஊசியின் வேலை. ஆனால் அந்த ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியை இது முதலில் தூண்டிவிட்டுத்தான் அடக்கும். அதனால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், அப்புறம்தான் இறங்கும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்கத்தான் டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலுடமைடு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்பாவுக்குக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். டெகாரெலிக்ஸ் என்ற இன்னொரு ஹார்மோன் ஊசியில் இந்தத் தொல்லை கிடையாது. எப்படியிருந்தாலும் வலி கூடியதை மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: எலும்பில் பரவியிருக்கிறது. பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 86 இருந்தது, மூன்று மாதத்தில் 1.4. சந்தோஷப்படலாமா?

பதில்: படலாம். ஆனால் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைவிட, எங்கே போய் நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஏழு மாதம் வாக்கில் 0.2 அல்லது அதற்கும் கீழே வந்தவர்கள், 4-க்கு மேலேயே நின்றவர்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததைப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அது புதிய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கணக்கு. ஜாதகம் மாதிரி வாசிக்க வேண்டாம்.

கேள்வி: பிஎஸ்ஏ 0.3 இருந்தது 0.5 ஆகிவிட்டது. தூக்கம் போச்சு.

பதில்: ஒரே ஒரு ஏற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே லேபில் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊசி தள்ளிப்போனாலே அது ஏறிவிடும். அது கீழேயே இருந்தும் பிஎஸ்ஏ தொடர்ந்து ஏறினால்தான், புற்றுநோய் குறைந்த ஹார்மோனிலும் வளரக் கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். அப்போதும் ஊசியை நிறுத்த மாட்டார்கள். அபிராடெரோன், என்சாலுடமைடு போன்ற புதிய மாத்திரைகளில் ஏற்கெனவே எடுக்காத ஒன்றைச் சேர்ப்பார்கள், அல்லது கீமோ.

கேள்வி: எனக்கு உடம்பில் அனலே அடிக்கவில்லை. ஊசி பலிக்கவில்லையோ?

பதில்: டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் பலருக்கு அனல் அடிக்கும், சிலருக்கு அடிக்காது. கொடுத்துவைத்தவர் நீங்கள்!

கேள்வி: பிஎஸ்ஏ 0.1தான். ஆனால் இடுப்பெலும்பில் புதிதாக வலி.

பதில்: ஸ்கேன் கேளுங்கள். சில வகைப் புற்றணுக்கள் பிஎஸ்ஏவை அவ்வளவாகச் சுரப்பதில்லை. இந்த ஊசியே எலும்பை மெலிய வைப்பதால் முறிவாகவும் இருக்கலாம்.