வாசகர் கேள்வி பதில்: சிலம்பனுக்கு எவ்ளோ பவர் குடுக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார். நாங்க நாலு பேரு சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு கார் போர்ச்ல மேசை போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு வீரனா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு) விளையாடுறோம், 2014 ஐந்தாம் எடிஷன்தான். எங்க தாத்தா எஸ்டேட்ல சிலம்பம் சொல்லிக் குடுத்தவரு, அந்த ஆசைல நானே 'சிலம்பன்'னு ஒரு கிளாஸ் (வீரனோட வகை) எழுதியிருக்கேன். மூணாவது லெவல்ல 'சுழல் வீச்சு'ன்னு ஒரு எபிலிட்டி, சுத்தி 10 அடிக்குள்ள இருக்குற எல்லா எதிரிக்கும் 2டி8 (எட்டு முக டைஸ் ரெண்டு) டேமேஜ், அடி படுதான்னு பாக்க ரோல் கிடையாது, எத்தனை தடவ வேணும்னாலும் செய்யலாம். போன வாரம் நாலு கோப்ளின் (குட்டி அரக்கனுங்க) வந்துச்சு, முதல் டர்ன்லயே முடிச்சிட்டேன். ரோக் (ஒளிஞ்சு தாக்குற கிளாஸ்) விளையாடுற என் தங்கச்சி கோவிச்சுக்கிட்டு இனிமே வரமாட்டேங்குறா. ஆட்டத்த நடத்துற டிஎம் அண்ணன் டேமேஜ 1டி8ஆ குறைக்க சொல்றாரு. அது போதுமா?
— சிலம்பன், சுங்கை சிப்புட்

பதில்: போதாது தம்பி. அண்ணன் சொல்றதும் ஒரு வழிதான், ஆனா உங்க எபிலிட்டில 2டி8 பெரிய விஷயமே இல்ல. 'ரோல் கிடையாது', 'எத்தனை தடவ வேணும்னாலும்', இந்த ரெண்டும்தான் மேசைய கவுத்து விடுது.

கணக்கு போட்டு பாருங்க. 2டி8 சராசரி 9, கோப்ளினுக்கு ஹெச்பி, அதாவது உயிர், 7. கம்ப ஒரு சுத்து சுத்துனா நாலும் காலி, உங்களுக்கு செலவு ஒண்ணுமே இல்ல. அதே லெவல்ல ஒரு ஃபைட்டர் அதே கம்ப ரெண்டு கையால புடிச்சு அடிச்சா 1டி8 கூட ஸ்ட்ரென்த் 3, சராசரி ஏழரை, அதுவும் டி20 (இருபது முக டைஸ்) உருட்டி கோப்ளினோட ஏசி (அடி பட வேண்டிய நம்பர்) 15ஐ தொட்டாதான், அதுவும் ஒரே ஒரு ஆளுக்குத்தான். இப்ப தங்கச்சி பக்கம் வாங்க. ரோக்கோட ஸ்னீக் அட்டாக் (பதுங்கி அடிக்குறதுக்கு கூடுதல் டேமேஜ்) மூணாவது லெவல்ல 2டி6, டர்னுக்கு ஒரு தடவைதான், அதுக்கும் அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி பெருச எடுக்குறது) வேணும் இல்லன்னா கூட்டாளி யாராச்சும் அந்த எதிரிக்கு 5 அடிக்குள்ள நிக்கணும், அவ பாவம் ஒளிஞ்சு, இடம் பாத்து, எல்லாம் ரெடி பண்ணிட்டு டைஸ கையில எடுக்குறப்ப திருவிழா அன்னதானத்துல முதல் பந்தியே அண்டாவ காலி பண்ணிட்டு போன மாதிரி இருந்தா கோவம் வராம என்ன வரும்?

புதுசா ஒண்ணு எழுதுறதுக்கு முன்னாடி ரூல் புக்குல அதே மாதிரி எது இருக்கு, அதுக்கு என்ன விலை கேக்குறாங்கன்னு தேடுங்க, ஹோம்ப்ரூ (சொந்தமா ரூல் எழுதுறது) பண்றவங்க பாதி பேரு இத செய்யுறதே இல்ல. உங்க சுழல் வீச்சுக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்காங்க. ஒண்ணு தண்டர்வேவ் மந்திரம், அதே 2டி8தான், ஆனா கான்ஸ்டிட்யூஷன் சேவ்ல (உடம்பு திடத்த வச்சு தப்பிக்க போடுற ரோல்) தப்பிச்சவங்களுக்கு பாதி டேமேஜ், ஒரு ஆக்‌ஷன் போயிரும், ஒரு ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் போடுற வாய்ப்பு) போயிரும், மூணாவது லெவல் விசார்ட்டுக்கு (மந்திரவாதி) முதல் லெவல் ஸ்லாட் நாலுதான் இருக்கு. இன்னொண்ணு ரேஞ்சர் கிளாஸ்ல ஹண்டர்ங்கற சப்கிளாஸுக்கு (உள்பிரிவு) வர்ற வேர்ல்விண்ட் அட்டாக். அது அப்படியே உங்க ஐடியாதான், சுத்தி நிக்குற எல்லாரையும் அடிக்கலாம், லிமிட்டும் இல்ல. ஆனா அது 11ஆவது லெவல்ல வருது, 5 அடி மட்டும்தான், ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியா அட்டாக் ரோல் போடணும். 11ல குடுக்குறத விட பெருசா நீங்க மூணுலயே எடுத்துக்கிட்டீங்க.

என் கையில குடுத்தா இப்படி எழுதுவேன்: ஒரு ஆக்‌ஷன் செலவு, 5 அடிக்குள்ள இருக்குறவங்க டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் போடணும், டிசி (அந்த சேவ்ல தொட வேண்டிய நம்பர்) 8 கூட ப்ரொஃபிஷியன்சி (லெவலோட ஏறுற போனஸ்) கூட உங்க டெக்ஸ்டெரிட்டி, தோத்தா 1டி8 கூட 3, ஜெயிச்சா பாதி. மூணாவது லெவல்ல 8+2+3, டிசி 13 வரும், கோப்ளினுக்கு டெக்ஸ்டெரிட்டி 2 கூட்டுனா பாதிக்குப் பாதி தப்பிக்கும். நாலுல ஒண்ணோ ரெண்டோ விழும், மிச்சம் காயத்தோட நிக்கும், அதுங்க தங்கச்சிக்கு. அவளுக்கும் நல்லதுதான், நீங்க பக்கத்துல நிக்குறதால ஸ்னீக் அட்டாக் தானா கிடைக்கும்.

எத்தனை தடவன்னு முடிவு பண்றப்ப உங்க மேசைய பாத்து பண்ணுங்க. புக்கு ஒரு நாளைக்கு 6லிருந்து 8 சண்டை வரைக்கும் தாங்கும்னு கணக்கு வச்சிருக்கு, நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு, லாங் ரெஸ்ட்னா ராத்திரி தூக்கம்). நம்ம ஊர்ல யாரு அப்படி விளையாடுறா? ஒரு சண்டை, கொஞ்சம் சிரிப்பு, பன்னெண்டு மணிக்கு மாமாக் கடை, முடிஞ்சது. அப்படிப்பட்ட மேசைல 'லாங் ரெஸ்ட்டுக்கு ரெண்டு தடவ'ன்னு எழுதுனா அது லிமிட்டே இல்ல, அந்த ஒரே சண்டைலயே ரெண்டையும் கொட்டிருவீங்க. ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவன்னு வைங்க, 9ஆவது லெவலுக்கு மேல ரெண்டா ஆக்கிக்கலாம். எழுதி முடிச்சதும் மேசைக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர்ல அதே நாலு கோப்ளின வச்சு ஒரு தடவ சிலம்பன், ஒரு தடவ ஃபைட்டர்னு தனியா உருட்டி பாருங்க. தங்கச்சிய உக்கார வச்சு கோப்ளினுக்கு அவள டைஸ் போட சொல்லுங்க, சமாதானமும் ஆயிரும்.

கேள்வி: நான் 'சாமியாடி'ன்னு ஒரு கிளாஸ் பண்றேன். சாமி வந்துட்டா ஒரு நிமிஷத்துக்கு எல்லா அட்டாக்குக்கும் அட்வான்டேஜ். சும்மா ரெண்டு டைஸ் உருட்டி பெரிய நம்பர எடுக்குறதுதானே, +2 மாதிரிதானே வரும்?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்

பதில்: இல்லம்மா, அதுக்கு மேலயே வரும். ஒரு டி20 சராசரி பத்தரை, ரெண்டு உருட்டி பெருச எடுத்தா கிட்டத்தட்ட 13.8. ஹிட் ஆக 11 வேணும்னா 50 சதவீதம் இருந்தது 75 ஆகும், அது +5க்கு சமம். கிரிட்டிக்கலும் (20 விழுந்தா கிடைக்குற பலத்த அடி) 5 சதவீதத்துலேர்ந்து 9.75க்கு போயிரும். பார்பேரியன் (வெறி புடிச்சு அடிக்குற கிளாஸ்) ரெண்டாவது லெவல்லயே ரெக்லஸ் அட்டாக்னு இத வாங்குறான், ஆனா அடுத்த டர்ன் வரைக்கும் அவன அடிக்கிறவங்களுக்கும் அட்வான்டேஜ். அந்த விலைய நீங்களும் போடுங்க, சாமி வந்தவங்க தடுத்துக்கிட்டா நிப்பாங்க? அப்புறம் பார்பேரியன் சப்கிளாஸ் பெர்சர்க்கருக்கு ஃப்ரென்சி (வெறியாட்டம்) முடிஞ்சதும் ஒரு லெவல் எக்ஸாஸ்ட்ஷன் (சோர்வு) வருதுல்ல, அத அப்படியே எடுத்துக்கோங்க. சாமி மலையேறுனதும் ஆளு துவண்டு விழுறத நம்ம கோயில்ல பாக்காதவங்க யாரு. எக்ஸாஸ்ட்ஷன் ஒரு லெவல்னா எபிலிட்டி செக்குக்கு எல்லாம் டிஸ்அட்வான்டேஜ், லாங் ரெஸ்ட் எடுத்தாதான் போகும். ரொம்ப கடுமையா தெரிஞ்சா ரெண்டு விலைல ஒண்ண மட்டும் வைங்க, ரெண்டையும் தூக்கிப் போட்டுராதீங்க.

கேள்வி: நீங்க சொல்ற மாதிரி கம்பேர் பண்ணணும்னா புக்கு வாங்கணுமே சார், நூறு வெள்ளிக்கு மேல சொல்றாங்க. நான் ஃபார்ம் 4 படிக்கிறேன்.
— மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: வாங்க வேணாம். எஸ்ஆர்டி 5.1னு இந்த ஆட்டத்தோட அடிப்படை ரூல் தொகுப்பு ஒண்ணு இருக்கு, 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல விட்டுட்டாங்க, இலவசமா எடுத்துக்கலாம். 12 கிளாஸும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சப்கிளாஸ்தான் இருக்கும், ஆனா மேல சொன்ன ஹண்டர், பெர்சர்க்கர், தண்டர்வேவ், கோப்ளின் எல்லாம் அதுலயே இருக்கு. இங்கிலீஷ்லதான், ஃபார்ம் 4க்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. பிரின்ட் எடுக்குறதா இருந்தா முழுசும் எடுக்காதீங்க, கிளாஸ் பக்கம் மட்டும் போதும், மிச்சத்த போன்ல பாத்துக்கலாம்.