எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசி ஊரே வருவது ஏன்?

பைதனில் டிகின்டர் (திரையில் பட்டன் போன்றவற்றை உருவாக்கும் நூலகம்) கொண்டு பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்று. மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என 5 பட்டன்களை ஒரே லூப்பில் உருவாக்கி, ஒவ்வொன்றின் கமாண்டிலும் (அழுத்தினால் எது ஓட வேண்டும் என்று சொல்லும் இடம்) ‘லாம்டா: காட்டு(ஊர்)’ என்று கொடுத்தால், எதை அழுத்தினாலும் அக்கரைப்பற்றுதான் வரும்.

லாம்டா என்பது பெயரில்லாத சிறு ஃபங்ஷன். அது, தான் உருவாகும் நேரத்து மதிப்பைப் பிரதி எடுப்பதில்லை. ‘ஊர்’ என்ற மாறியைத்தான் பிடித்துக்கொள்கிறது. மதிப்பைப் பார்ப்பது பட்டனை அழுத்தும்போது. அதற்குள் லூப் முடிந்து, மாறியில் கடைசி ஊர்தான் மிஞ்சியிருக்கும். தயிர்க் கடையில் ஒவ்வொரு சட்டியிலும் விலை எழுதாமல் ‘விலை பலகையில்’ என்று ஒட்டிவைப்பது போல: பலகையில் கடைசியாக எழுதிய விலையே எல்லாச் சட்டிக்கும்.

விலையைச் சட்டியிலேயே எழுத, ‘லாம்டா ஊர்=ஊர்: காட்டு(ஊர்)’ என்று மாற்றுங்கள். ‘ஊர்=ஊர்’ என்று கொடுக்கும் இந்த இயல்பு மதிப்பு, லாம்டா உருவாகும்போதே கணிக்கப்பட்டுவிடும். பைதனின் ஃபங்டூல்ஸ் தொகுப்பில் உள்ள பார்ஷியல் (ஃபங்ஷனுக்கு வேண்டிய மதிப்பை முன்கூட்டியே பொருத்தித் தருவது) இன்னும் தெளிவானது. எனக்கு அதுவே பிடிக்கும்.

டிகின்டர் போன்ற இன்னொரு நூலகமான பைக்யூட்டியில் ஒரு பொறி உண்டு. அங்கே பட்டனை அழுத்தியதும் வரும் கிளிக் சிக்னல் ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஒன்றையும் அனுப்பும். அது உங்கள் ‘ஊர்’ இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே அதை ‘செக்ட்’ வாங்கிக்கொள்ளும்படி ‘லாம்டா செக்ட், ஊர்=ஊர்: காட்டு(ஊர்)’ என எழுத வேண்டும். லாம்டாவே இல்லாமல் கமாண்டில் ‘காட்டு(ஊர்)’ என்று எழுதினால், பட்டன் உருவாகும்போதே ஓடிவிடும். பிறகு அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

கடைசி ஊரே வருவது டிகின்டரின் பிழை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் பட்டனே இல்லாமல் லாம்டாக்களை ஒரு பட்டியலில் சேர்த்துப் பின்னர் அழைத்தாலும் இதே விடைதான் வரும்.