மாலை கழற்றிய பிறகும் சிகரெட்டை விட முடியுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் புகைக்கிறேன். இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். எழுந்தவுடன் ஒன்றைப் பற்றவைக்காவிட்டால் காலைக்கடன்கூட முடிவதில்லை. ஐயப்பனுக்கு மாலை போடும் நாட்களில் சிகரெட்டைத் தொடுவதே இல்லை. மாலையைக் கழற்றிய இரண்டாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. என் மைத்துனரும் அப்படி மாலை போட்டபோது விட்டவர்தான்; இன்றுவரை தொடவில்லை. உடன் வேலை செய்பவர் நிக்கோட்டின் சூயிங்கம் மென்று விட்டார். எனக்கு அதில் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வந்தன. இன்னொருவர் மாத்திரை சாப்பிட்டு விட்டதாகச் சொல்கிறார். எது சரியான வழி? எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா? ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைத்துக்கொண்டால் போதாதா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் இருமலும் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மண்டலம், அதாவது 41 நாட்கள், நீங்கள் சிகரெட் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு முறையோடு நிற்கவில்லை. அப்படிப்பட்டவரை மன உறுதி இல்லாதவர் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார்.

அந்த 41 நாட்களில் உடம்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டினில் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுதல், காரணமில்லாத கோபம் ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஆக, குருசாமி மாலையைக் கழற்றும்போது உங்கள் உடம்பு நிக்கோட்டினைக் கேட்கும் கட்டத்தைத் தாண்டியாகிவிட்டது. கடினமான பகுதியை ஒவ்வொரு ஆண்டும் முடித்துவிட்டு, எளிதான பகுதியில் கைவிடுகிறீர்கள். இது ஏன் நடக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மாலை போட்ட நாட்களில் உங்கள் வாழ்க்கையே வேறு ஒழுங்கில் இருக்கிறது. விடியும் முன் எழுந்து குளிக்கிறீர்கள். எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் யாரும் பாக்கெட்டை நீட்டுவதில்லை. நீங்களே கேட்டாலும் பெட்டிக்கடைக்காரர் ஒரு நொடி தயங்குவார். இத்தனை வேலிகளும் ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. மறுநாள் அதே நேரத்துக்கு எழுகிறீர்கள், அதே கடை வாசலில் அதே நண்பர்களோடு நிற்கிறீர்கள். அந்த இடமும் நேரமும் இருபது ஆண்டுகளாக மூளையில் பதிந்தவை. இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் மூளைக்குச் சேரச் சுமார் பத்து விநாடிகள் போதும். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும், நாளைக்கு நூற்றைம்பது தடவை மூளை இந்தப் பாடத்தைப் படிக்கிறது. அது 41 நாட்களில் மறந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மைத்துனரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மாலையைக் கழற்றிய மறுநாள் காலை அவர் என்ன செய்தார்? மாலையோடு சிகரெட்டை விட்டு, பிறகும் தொடாமல் இருக்கும் சிலரை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வியாசர்பாடியிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் அதிகாலைக் குளியலை இன்றும் விடவில்லை. இன்னொருவர் அந்த மாதத்திலிருந்து டீயைப் பட்டறைக்கே வரவழைத்துக் குடிக்கிறார். கடை வாசலுக்குப் போவதில்லை. இருவருமே விரதம் முடிந்த பிறகு அந்த ஒழுங்கில் ஒரு துண்டையாவது தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை மாலை போடும்போது, கழற்றிய பிறகு வரும் முதல் வாரத்துக்கும் சேர்த்தே திட்டம் போடுங்கள். கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

எது சரியான வழி என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது. ஆனால் எந்த உதவியும் இல்லாமல், இன்றோடு விட்டேன் என்று முடிவெடுப்பவர்களில் ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். அந்தச் சிலரில் உங்கள் மைத்துனர் ஒருவர். அவரை மனமார வாழ்த்துகிறேன். மற்றவர்கள் மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்துக்கொண்டால் வெற்றி பெறும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மருந்தின் துணையோடு விடுவதைத் தோல்வி என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட நீங்கள் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் தேவையில்லை.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்றால் நிக்கோட்டின் பிடி வலுவாக இருக்கிறது என்று பொருள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இந்தக் கேள்விதான் எங்களுக்கு அதிகம் சொல்கிறது. உங்களுக்கு எழுந்தவுடனே வேண்டியிருக்கிறது. ஆகவே மருந்தோடு தொடங்குவதுதான் நல்லது.

சூயிங்கம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததை வைத்துப் பார்த்தால், சாதாரண மிட்டாய் கம் போல விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய்விடும். அங்கே பயன் குறைவு, தொல்லை அதிகம். அது கன்னத்தின் உட்சவ்வு வழியாக இரத்தத்தில் சேர வேண்டும். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். காரமோ சுருசுருப்போ தெரிந்தவுடன் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிடுங்கள். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, அடுத்த கன்னத்தில் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிலிருந்தே டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், குளிர்பானம் எதுவும் கூடாது. இவற்றின் அமிலத்தன்மை நிக்கோட்டினைச் சேரவிடாது. நிறையப் பேர் டீயைக் குடித்துக்கொண்டே மென்றுவிட்டு, இது வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போடுகிறார்கள்.

2 மில்லிகிராம் கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். உங்களைப் போல எழுந்தவுடன் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும். அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அளவிலும் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மென்றால் போதாது. முதல் ஆறு வாரங்கள் ஒன்று இரண்டு மணிக்கு ஒன்று என்று மென்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, மூன்று மாதத்தில் நிறுத்துவதுதான் முறை. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் இருக்கிறது. அது நாள் முழுவதும் சீராக நிக்கோட்டினைத் தரும். திடீரென்று ஏக்கம் எழும்போது கம் கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் பயன்படுத்துபவர்களைவிட அதிகமாக வெற்றி பெறுகிறார்கள்.

உங்கள் நண்பர் சாப்பிட்ட மாத்திரை பெரும்பாலும் வாரெனிக்லினாக இருக்கும். மூளையில் நிக்கோட்டின் வந்து அமரும் இடத்தில் இது முன்கூட்டியே அமர்ந்துகொள்கிறது. அதனால் ஏக்கமும் குறைகிறது, நடுவில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய அளவில் தொடங்கி, மொத்தம் 12 வாரங்கள் சாப்பிட வேண்டும். குமட்டல் வரலாம்; சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் குறையும். விசித்திரமான கனவுகளும் வரலாம். இது மனநலத்தைக் கெடுக்கும் என்று முன்பு ஓர் அச்சம் இருந்தது. ஏறத்தாழ 8,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று 2016-இல் வெளியானது. அதில் அப்படிப்பட்ட ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. ஆனால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. உங்களுக்கு அதை முதலில் எழுத மாட்டேன்.

மின் சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டிருக்கிறது. திருட்டுத்தனமாக வருவதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிகரெட்டுக்குப் பதிலாக வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவதும் விடுவதாகாது. வாய்ப் புற்றுநோய்க்குப் பாதை அதுதான்.

குறைத்துக்கொண்டே வரலாமா என்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 49 பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது 39. இரு சாராருக்கும் நிக்கோட்டின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்திருந்தார்கள். குறைத்து விட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கடைசிச் சிகரெட்டுக்கு ஒரு தேதி குறித்திருந்தார்கள். தேதி இல்லாமல் குறைத்தால், வீட்டில் ஒரு சண்டை, பட்டறையில் ஓர் அவசர ஆர்டர் வந்த நாளில் எண்ணிக்கை பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

இரண்டோடு நிறுத்தினால் போதாதா என்றால், போதாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. ஏற்கெனவே இரத்த அழுத்தம் இருக்கும் உங்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 40 வயதில் விட்டவர்கள், விடாதவர்களைவிடச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். 50 வயதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். இந்த ஆண்டே விடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

காலைக்கடன் பிரச்சினையை எழுதியதற்கு நன்றி. பலரை மறுபடி சிகரெட்டுக்கு இழுப்பது இதுதான், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிறது. நிறுத்தினால் சில வாரங்கள் மலச்சிக்கல் வருவது இயல்பு. எழுந்தவுடன் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழம், மதியம் கீரை, தேவைப்பட்டால் இரவில் இசப்கோல் என்று விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். குடல் தன் வேலையைத் தானே செய்யப் பழகிவிடும்.

டீயும் காபியும் அடுத்த பொறி. சிகரெட் புகை, காபியில் உள்ள காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே நான்கு டீ இரண்டு மடங்கு வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும்; சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். விடும் நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எடை சராசரியாக நான்கைந்து கிலோ ஏறலாம். அதற்காகப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மாலையில் அரை மணி நடந்தால் எடைக்கும் நல்லது, ஏக்கத்துக்கும் நல்லது. ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நிற்கும்; அந்த நேரம் இடத்தை மாற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள்.

போன் செய்ய ஓர் இடமும் இருக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். சிகரெட் பாக்கெட்டிலேயே இந்த எண் அச்சாகியிருக்கிறது. பெட்டிக்கடையில் சில்லறையாக வாங்குபவர்களின் கண்ணில் அது படுவதில்லை. நேரில் பேச விரும்பினால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையிலிருந்து மீட்கும் மையம் 2002-இலேயே தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம்.

நடுவில் ஒரு நாள் சறுக்கி ஒன்றைப் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று பாக்கெட் வாங்காதீர்கள். எந்த இடம், எந்த நேரம், யாரோடு என்று குறித்துக்கொண்டு, மருந்தை நிறுத்தாமல் தொடருங்கள். விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்ற பிறகே விட்டவர்கள்.

கடைசியாக அந்த இருமல். விட்ட புதிதில் சில வாரங்கள் இருமல் கூடுவது உண்டு. நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. ஆனால் உங்களுடையது விடுவதற்கு முன்பே இரண்டு மாதமாக இருக்கிறது. புகைப்பவருக்கு வரும் சாதாரண இருமல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் தேவை. புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் இரத்தம், உடல் மெலிவு, மாலைக் காய்ச்சல், குரல் மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிகரெட்டை விடும் தேதியை அடுத்த வாரம் குறித்துக்கொள்ளலாம். இந்தப் பரிசோதனைக்கு நாளைக்கே போய்விடுங்கள்.