மாமா காட்டும் கெல்லி

மகனை இசை படிக்க அனுப்பலாமா என்று கேட்டு சிட்னிக் குடும்பம் ஒன்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டாவது படிக்கும் மகன் பள்ளிப் படகு அணியில் துடுப்புப் போடுகிறான், உயிர் பியானோவில். "முதலில் டாக்டருக்குப் படி, வாசிப்பெல்லாம் அப்புறம்" என்கிறார் தாய்மாமன். அவர் காட்டும் உதாரணம் சிட்னியில் பிறந்த ஃபிரெடரிக் செப்டிமஸ் கெல்லி. ஆக்ஸ்போர்டு பட்டமும் வாங்கி, 1908 ஒலிம்பிக் படகுப் போட்டியில் தங்கமும் வாங்கி, பியானோ கலைஞராகவும் ஆனவர்.

பதறாதீர்கள். மாமா சொல்வது உண்மைதான், ஆனால் பாதிக்கதை. கெல்லி ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் படித்ததே இசை உதவித்தொகையில். வரலாற்றுப் பட்டத்தில் வாங்கியது நான்காம் வகுப்புத் தேர்ச்சி, அதாவது கடைசித் தரம். 22 வயதில்தான் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட்டின் ஹோக் இசைப்பள்ளிக்குப் போய் 1908 வரை முறையாகப் படித்தார். லண்டனில் தொழில்முறைக் கச்சேரிகள் 1912இல். 1914இல் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1916 நவம்பர் 13 அன்று, பிரான்சின் சோம் போர்முனையில் போகூர் கிராமத்தருகே இயந்திரத் துப்பாக்கி நிலையைத் தாக்கப்போய் இறந்தார், வயது 35. கலிப்போலிப் போர்க்காலத்தில், நண்பரான ஆங்கிலக் கவிஞர் ரூப்பர்ட் புரூக் நினைவாக எழுதிய இரங்கல் இசையை இன்றும் வாசிக்கிறார்கள். அந்த வரலாற்றுப் பட்டத்தை யார் கேட்டார்கள்?

மருத்துவ நுழைவும் உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் உங்களுக்கே தெரியும், விடுகிறேன். நம்மவர்கள் திரும்பிப் பார்க்காதது ஜெர்மனியின் அரசு இசைக்கல்லூரிகள். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் 8 செமஸ்டர். பிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மார்க் இடம் வாங்கித் தராது, வாசிப்புத்தான். பாக், ஒரு செவ்வியல் சொனாட்டா, அதற்குப் பிந்தைய காலத்து உருப்படி என்று வெவ்வேறு காலகட்டம் கேட்பார்கள். கூடவே இசைக்கோட்பாடு, செவித்திறன். இசைக் கிரேடு தேர்வுக்காக நாலு உருப்படியையே தேய்த்தவர்கள் இங்கேதான் விழுவார்கள்: ஒரு மெட்டை வாசித்துக் காட்டி, கேட்டபடி எழுதச் சொல்வார்கள். இன்றே அதற்கு ஆசிரியர் பாருங்கள். ஜெர்மன் மொழியையும் தள்ளிப்போடாதீர்கள்.

துடுப்பைப் பற்றி ஒன்று. துடுப்பின் தட்டை முனையைத் திருப்ப மணிக்கட்டை மடக்கினால் முன்கைத் தசைநாண் உறை வீங்கலாம். பிடியை விரலால் உருட்டச் சொல்லுங்கள். இசை நுழைவுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் படகே வேண்டாம்.

பணத்தில் நான் இளக மாட்டேன். கெல்லியின் அப்பா கம்பளி வியாபாரத்தில் கொழித்தவர். நீங்கள் முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். நாலு வருடத்துக்கு 47,616. இதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். முதல் இரண்டு வருடத் தொகை கையில் சேரட்டும், பிறகு விண்ணப்பியுங்கள். மாமா உதவுவதானால் நிபந்தனை போடாமல் உதவட்டும். இல்லையென்றால் இதில் அவருக்குப் பேச்சில்லை.