கிராண்டின் மன்னிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சரணடைய வந்த தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயை வடக்குப் படைத் தளபதி யுலிஸிஸ் கிராண்ட் நடத்திய விதம் நெகிழவைத்தது. ஆனால் அதே கிராண்ட்தான் ஜனாதிபதி ஆனபின் தெற்கே பட்டாளத்தை அனுப்பி, ஆட்கொணர்வு உரிமையை (கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் உரிமை) நிறுத்திவைத்து, நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் தள்ளினார் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பெருந்தன்மை வெறும் போர்த்தந்திரமா? பதவி அவரை மாற்றிவிட்டதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டையும் கிராண்ட் ஒரே மனதோடுதான் செய்தார் என்று நினைக்கிறேன். 1865 ஏப்ரல் 9 அன்று, லீ சரணடைந்த வர்ஜீனியா மாநிலத்து ஊரான அப்பமாட்டக்ஸில் அவர் தன் கைப்பட எழுதிய நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்தால் இது விளங்கும்.

வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு முன்னறையில் அந்தச் சந்திப்பு நடந்தது. லீ புத்தம்புது சீருடையில், இடுப்பில் அழகான வாளோடு வந்திருந்தார். கிராண்ட் சாதாரணச் சிப்பாயின் சட்டையில் தளபதிக்கான தோள்பட்டியை மட்டும் தைத்திருந்தார், பூட்ஸ் முழுக்கச் சேறு. பழைய மெக்சிகோ போர்க்கதைகளைப் பேசிக்கொண்டிருந்தவரை வந்த வேலைக்கு லீதான் திருப்பினார். கிராண்ட் உட்கார்ந்து எழுதினார். அதிகாரிகள் தங்கள் கைத்துப்பாக்கி, வாள், சொந்தக் குதிரை ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். எங்கள் படையில் குதிரைவீரர்களும் சொந்தக் குதிரைதான் வைத்திருக்கிறார்கள் என்று லீ சொன்னபோது, எழுதியதை மாற்றமாட்டேன், ஆனால் குதிரையோ கோவேறு கழுதையோ தன்னுடையது என்று சொல்கிறவன் அதைக் கொண்டுபோகட்டும், விதைக்கிற காலம் இது என்றார். பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் போனது. வெளியே வடக்குப் படையினர் பீரங்கி முழக்கிக் கொண்டாடத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். அந்தத் தாளின் கடைசி வாக்கியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வீட்டுக்குப் போகிறவர்கள், இனி ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று கொடுத்த வாக்கையும், தாங்கள் வாழும் இடத்தின் சட்டத்தையும் மதிக்கும்வரை அமெரிக்க அரசு அவர்களைத் தொந்தரவு செய்யாது.

கிராண்ட் இதை அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டார். இரண்டே மாதத்தில் நார்ஃபோக்கில் ஒரு நடுவர் குழு லீ மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனுக்கும் லீயைத் தண்டிக்க ஆசை. லீ வாக்கைக் காப்பாற்றுகிறார், அவரைத் தொட்டால் நான் பதவி விலகுவேன் என்று கிராண்ட் உறுதியாக நின்றார். வழக்கு அப்படியே கைவிடப்பட்டது.

இனி 1871. கிராண்ட் இப்போது ஜனாதிபதி. அடிமைகளாக இருந்தவர்கள் இப்போது குடிமக்கள். அரசியலமைப்பின் 14, 15ஆம் திருத்தங்கள் அதைச் சட்டமாக்கிவிட்டன. அந்த மார்ச் மாதத்தில் ஓர் இரவு, தென் கரோலினாவின் யார்க் மாவட்டத்தில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பின் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு குதிரைகளில் வந்தார்கள். கறுப்பர் காவல்படையின் கேப்டனும் முன்னாள் அடிமையுமான ஜிம் வில்லியம்ஸ் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருந்தார். பலகையைப் பெயர்த்து இழுத்துப்போய் மரத்தில் தூக்கிலிட்டார்கள். தலைமை தாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஊரில் மரியாதைப்பட்ட ஒரு மருத்துவர், தெற்குப் படையில் பணியாற்றியவர். பிறகு கனடாவுக்கு ஓடிப்போனார்.

உள்ளூர் நீதிபதியும் ஜூரியும் இந்தக் குற்றங்களைத் தொடவே இல்லை. அக்டோபரில் கிராண்ட் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தினார். படை இறங்கியது, நூற்றுக்கணக்கில் கைது நடந்தது, பலர் தாங்களாகவே வந்து சரணடைந்தார்கள். வழக்குகளை முன்னின்று நடத்திய அட்டர்னி ஜெனரல் ஏமஸ் ஏக்கர்மனும் போரில் தெற்கின் பக்கம் இருந்தவர்தான், இதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அடுத்த வருடத் தேர்தலுக்குள் க்ளானின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. இதைப் பழிவாங்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை மதித்த லீயைக் காத்த அதே வாக்கியம்தான் இங்கே சட்டத்தை மிதித்தவர்கள் மீது பாய்ந்தது.

அப்புறம், பதவி அவரை மாற்றியதா என்று கேட்டீர்கள். மாற்றியது. ஆனால் நீங்கள் நினைக்கிற திசையில் அல்ல. 1875இல் மிஸிஸிப்பியில் கறுப்பர்களை ஓட்டுப்போட விடாமல் கொலையும் மிரட்டலும் நடந்தபோது, ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ் கிராண்டிடம் படை கேட்டு மன்றாடினார். பொருளாதாரம் படுத்திருந்தது, ஊழல் புகார்கள் கழுத்தை நெரித்தன, வடக்கின் வாக்காளர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். படை போகவில்லை. கறுப்பர்கள் அடைந்த அரசியல் உரிமை அந்த மாநிலத்தில் ஒரே தேர்தலில் பறிபோனது. 1871இல் படை அனுப்பியதற்காகக் கிராண்டைக் குறை சொல்வதை ஏற்கமாட்டேன். அனுப்பாமல் விட்டதை மன்னிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

லீயின் கீழ் தளபதியாக இருந்து, அந்த நிபந்தனையை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டைப் பற்றியும் படியுங்கள். 1874இல் நியூ ஆர்லியன்ஸ் தெருவில், வெள்ளையர் கலகக்காரர்களுக்கு எதிராகக் கறுப்பர் படையை நடத்தி நின்றவர் அவர். தனியாக எழுதவேண்டிய வாழ்க்கை, விரைவில் எழுதுகிறேன்.

அன்புடன்.